பூவிருந்தவல்லியில் "மத சகிப்பு"

பூவிருந்தவல்லிக்குச் சமீபத்தில் போயிருந்த நமக்கு, அவ்வூர் அன்பர்கள் சிலர் பெருமாள் கோவிலையும் பழைய மசூதியையும் காட்டி, "இதுவல்லவோ நம் முன்னோர்களின் மத சகிப்பு!" என்று பெருமையாய்ச் சொன்னார்கள். மசூதி கோல்கொண்டா ஆட்சியில் 1653-ல் கட்டப்பட்டது. இத்தனை காலமாய் இரு மதத்தாரும் ஒரே கடைத்தெருவில் வாங்கியும் விற்றும் வாழ்ந்து வருவதில் நமக்கும் சந்தோஷமே. ஆனால் ஒன்று கேட்கிறோம். அடுத்த மதக்காரனைச் சகித்தவர்கள், தன் மதக்காரனை மனிதனாக மதித்தார்களா?

இதற்கு ஜவாபு அந்தப் பெருமாள் கோவிலிலேயே இருக்கிறது. அது திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். அவர் வைசியர். காஞ்சி வரதராஜருக்கு விசிறி வீசியவர். பெருமாளே அவரோடு பேசினார் என்று வைணவக் குருபரம்பரைக் கதைகள் சொல்லுகின்றன. அப்பேர்ப்பட்டவர் இராமானுஜர் வீட்டில் சாப்பிட்டு எழுந்ததும், இராமானுஜரின் மனைவியார் எச்சில் இலையை எறிந்து, இடத்தைச் சாணமிட்டு மெழுகி, ஸ்நானமும் செய்தார் என்றும் அதே கதைகள்தான் சொல்லுகின்றன. இராமானுஜர் அதற்காக வருந்தினார் என்பது வாஸ்தவம். ஆனால் கடவுளே பேசிய நம்பிக்கு இந்தக் கதி என்றால், கடவுள் பேசாத குப்பன் சுப்பன் கதி என்ன?

இன்று நம்பிக்குச் சிலை உண்டு, பூஜை உண்டு. செத்துப்போன நம்பியைக் கும்பிடச் சாஸ்திரம் தடை சொல்லவில்லை. உயிருள்ள நம்பி ஒருவர் பூஜை மணியைத் தொடப் போனால் மட்டும் ஆகமம் குறுக்கே வந்து விழுகிறது! பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க 1970-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 1972-ல் சுப்ரீம் கோர்ட்டு சட்டத்தை ஒப்புக்கொண்டது. ஆனால் ஆகமத்தை மீறக்கூடாது என்றும் சொல்லிவிட்டது. பல ஜாதிகளிலும் பயிற்சி பெற்ற 24 பேர் அர்ச்சகராக உத்தரவு வாங்க 2021 ஆகஸ்டு 14 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதன்மேலும் வழக்குகள்!

"கோவிலே வேண்டாமென்கிற உங்களுக்கு அர்ச்சகர் வேலை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நமக்குப் பூஜை வேண்டியதில்லை. பிறப்பினால் ஒருவன் தாழ்ந்தவன் என்று சட்டத்தின் துணையோடு சொல்லக்கூடிய இடம் ஒன்றுகூட நாட்டில் இருக்கக்கூடாது என்பதே நமது வாதம்.

சகிப்பு என்கிற வார்த்தையையே சற்று யோசித்துப் பாருங்கள். பல்வலியைச் சகிக்கிறோம். மூட்டைப்பூச்சியைச் சகிக்கிறோம். நமக்குச் சமமான மனிதனை யாராவது சகிப்பார்களா?

ஆதலால் ஊர் பார்க்கப் போகும் தோழர்கள் கோபுரத்தின் உயரத்தையும் மசூதியின் வயதையும் விசாரிப்பதோடு நில்லாமல், உள்ளே மணி அடிக்கக்கூடாதவர் யார், ஏன் கூடாது என்பதையும் கேட்டுவிட்டு வரவேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.