மரக்கானா தோல்வியும் பார்போசா சுமந்த பழியும்

1950 ஜூலை 16 அன்று ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் பிரேசில் கால்பந்து அணி உருகுவேயிடம் 2-1 எனத் தோற்றது. இறுதிப்போட்டி என்று பலரும் சொன்னாலும், அது நான்கு அணிகள் ஆடிய இறுதிச் சுற்றின் கடைசி ஆட்டம். டிரா செய்தாலே பிரேசிலுக்கு உலகக் கோப்பை. இரண்டாம் பாதி தொடங்கியதும் பிரேசிலின் ஃப்ரியாசா கோல் அடித்தார். 66ஆவது நிமிடத்தில் உருகுவேயின் ஸ்கியாஃபினோ சமன் செய்தார். 79ஆவது நிமிடத்தில் அதே அணியின் கிஜ்ஜா வலப்பக்கமாகப் பாய்ந்து வந்தார். முந்தைய கோலுக்குக் கொடுத்ததைப் போலவே பந்தை நடுவே தருவார் என்று கணித்து பிரேசில் கோல்கீப்பர் பார்போசா சற்று முன்னே நகர, பந்து கம்பத்தையொட்டி உள்ளே போனது.

அதன்பின் பிரேசில் ரசிகர்களின் பேச்சு அரை நூற்றாண்டு ஓயவில்லை. அந்தப் பேச்சில் பழி பார்போசா, தடுப்பாட்டக்காரர்கள் பிகோடே, ஜூவெனால் என்ற மூவர் மேல் விழுந்தது. மூவரும் கறுப்பினத்தவர், இது தற்செயல் என்று ஏற்க முடியாது. அணியின் வெள்ளைச் சட்டையைக்கூட ராசியில்லாதது என்று கைவிட்டு மஞ்சளுக்கு மாறினார்கள். உருகுவேயின் இரண்டு கோல்களும் ஒரே பக்கத்திலிருந்து பிறந்தன என்பதோ, முதல் கோலுக்குப் பிறகும் அந்தப் பக்கம் அடைக்கப்படவில்லை என்பதோ அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. முன்னிலையை இழந்தது பதினொரு பேர் கொண்ட அணி. தண்டனையை 2000இல் இறக்கும்வரை சுமந்தவர் பார்போசா. அது பெரும் அநீதி.