லண்டன் மதுவிடுதியும் ஆம்பூர்த் தோலும்

இந்தியாவும் பிரிட்டனும் 2025 ஜூலை 24 அன்று கையெழுத்திட்ட விரிவான பொருளாதார, வர்த்தக ஒப்பந்தத்தைப் பற்றிய விவாதங்களில் இரண்டு பொருள்கள் அதிகம் அடிபட்டன. ஒன்று தோல், மற்றொன்று மது. இந்தியாவிலிருந்து செல்லும் தோல் பொருள்கள், காலணிகள் மீது பிரிட்டன் 16 சதவீதம் வரை விதித்துவந்த சுங்க வரியை அந்த ஒப்பந்தம் நீக்குகிறது. அங்கிருந்து வரும் விஸ்கி, ஜின் ஆகியவற்றின் மீதான 150 சதவீத வரியை முதலில் 75 ஆகவும், பத்தாம் ஆண்டில் 40 ஆகவும் குறைக்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் இவ்வொப்பந்தம் வரவேற்கப்பட்டதில் வியப்பில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, ஒரே சந்தையை நம்பியிருப்பதன் அபாயத்தை அவ்வூர்கள் நேரடியாக உணர்ந்தன.

ஆனால், பிரிட்டன் நமக்குப் புதிய சந்தை அன்று. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே நம் தோல் அங்கு விலைபோனது. அந்த வணிகத்தின் நினைவைச் சுமந்தபடி தோலும் மதுவும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் கட்டடம் ஒன்று லண்டனில் உண்டு. தேம்ஸ் நதியின் தென்கரையில், பெர்மாண்ட்சி என்னும் பகுதியில், 1878-இல் கட்டப்பட்ட தோல், கம்பளி வணிக மாளிகை அது. அதன் தரைத்தளத்தில் அமைந்த மதுவிடுதிக்கும் 'லெதர் எக்ஸ்சேஞ்ச்' என்றே பெயர்.

பெர்மாண்ட்சி, லண்டனின் ஆம்பூர். நகரின் மூக்குக்கு ஆகாத தொழில்கள் ஆற்றுக்கு அப்பால் ஒதுக்கப்பட்ட காலத்தில் அங்கே தோல் பதனிடுதல் வேரூன்றியது. ஓடைநீரும் ஓக் மரப்பட்டையும் அருகிலேயே கிடைத்தன. 1833-இல் தோல் சந்தை எழுந்தது. தோல் பதனிடுவோர் தெரு, மொராக்கோ தெரு என்று தெருப்பெயர்களிலும் தொழில் பதிந்தது. சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை செல்லும் ரயிலில் வாணியம்பாடியை நெருங்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளும் பயணிகளைப் பார்த்தவர்களுக்கு, அன்றைய பெர்மாண்ட்சியைக் கற்பனை செய்வது கடினமன்று.

சில ஆண்டுகளுக்கு முன் லண்டன் சென்றபோது அந்தக் கட்டடத்தைக் காண்பதற்காகவே பெர்மாண்ட்சிக்குப் போனேன். அதன் வெளிச்சுவரில் வட்ட வடிவப் புடைப்புச் சிற்பங்கள் அமைந்துள்ளன. அவற்றில் தெய்வங்கள் இல்லை, அரசர்கள் இல்லை. தோல் தொழிலின் வெவ்வேறு கட்டங்களும் அவற்றில் ஈடுபடும் மனிதர்களுமே கல்லில் வடிக்கப்பட்டிருக்கிறார்கள். சுற்றிலும் இன்று தோல் நாற்றம் இல்லை. பழைய பதனிடும் கூடங்கள் அடுக்ககங்களாகவும் அலுவலகங்களாகவும் மாறிவிட்டன. தொழில் போய்விட்டது, ஆனால் தொழிலாளி சுவரில் இருக்கிறார். சட்டப் பாதுகாப்புப் பெற்ற கட்டடம் என்பதால் அவரை அங்கிருந்து எளிதில் அகற்றவும் முடியாது.

அலங்கார மதுவிடுதிகள்

விக்டோரியா காலத்து மதுவிடுதிகள் ஏன் இத்தனை அலங்காரமாகக் கட்டப்பட்டன என்பதற்கு விடை கலையில் இல்லை. வணிகத்திலும் சட்டத்திலும் உள்ளது. மதுவிலக்கு இயக்கத்தின் அழுத்தத்தால் புதிய உரிமங்கள் அரிதாயின. கையிலிருக்கும் உரிமத்தின் மதிப்பைப் பெருக்க, மது ஆலை முதலாளிகள் 1890-களில் பணத்தைக் கட்டடத்தில் கொட்டினர். வண்ண ஓடுகள், செதுக்கிய மகாகனி மரம், பூவேலை செய்த கண்ணாடி என ஒருவரோடொருவர் போட்டியிட்டனர். லிவர்பூலில் 1898-க்கும் 1900-க்கும் இடையே எழுந்த பில்ஹார்மோனிக் விடுதி இவற்றுள் உச்சம். 2020-இல் அது பிரிட்டனின் மிக உயர்ந்த பாதுகாப்புத் தகுதியான முதல் நிலைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

அந்த அழகுக்குள் ஏற்றத்தாழ்வும் இருந்தது. உழைப்பாளிக்கு ஒரு கூடம், வசதி படைத்தவருக்கு வேறு கூடம். பரிமாறுபவர் கண்ணில் படாமல் கனவான்கள் குடிப்பதற்காகத் திருப்பிவைக்கும் சிறு கண்ணாடித் தடுப்புகள்கூட உண்டு. ஆகவே, அக்காலத்தைப் பொற்காலமாகப் போற்ற நான் முற்படவில்லை. கவனிக்க வேண்டியது, பின்வந்தவர்கள் அந்தக் கட்டடங்களையும் அவற்றில் பரிமாறப்பட்ட பானத்தையும் எவ்வாறு காப்பாற்றினார்கள் என்பதையே.

அந்தப் பானம் 'ரியல் ஏல்' எனப்படும் பீப்பாய் பீர். அது வடிகட்டப்படுவதில்லை, சூடேற்றி நுண்ணுயிர்கள் கொல்லப்படுவதும் இல்லை. பீப்பாய்க்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்து, கைப்பம்பால் இழுத்து ஊற்றப்படுகிறது. பனிக்கட்டிக் குளிர்ச்சி கிடையாது, நிலவறைக் குளிர்ச்சிதான். திறந்த பீப்பாயைச் சில நாள்களுக்குள் விற்றுத் தீர்த்தாக வேண்டும். அரைக் குவளை சுவைத்துப் பார்த்தேன். நுரை குறைவு, கசப்பு மெதுவாக ஏறுகிறது. 1960-களில் பெரிய ஆலைகள் இந்த முறையைக் கைவிட்டு, உயிரற்ற, வாயு ஏற்றிய உலோகக் கலத்து பீருக்கு மாறின. அது கெடாது, எங்கும் ஒரே சுவை, இலாபம் அதிகம். பழைய முறை மறைந்துவிடும் என்றே தோன்றியது.

1971-இல் நான்கு இளைஞர்கள் தொடங்கிய ஓர் இயக்கம் அதைத் தடுத்தது. இன்று 'கேம்ரா' என்று அறியப்படும் அந்த நுகர்வோர் இயக்கம் முதலில் செய்தது, எது உண்மையான பீப்பாய் பீர் என்று துல்லியமாக வரையறுத்ததுதான். அடுத்து, அதைத் தரும் விடுதிகளைப் பட்டியலிட்டது. பின்னர் பழைமை மாறாத விடுதி உட்புறங்களையும் ஆவணப்படுத்தியது. வரையறை, பட்டியல், ஆவணம் ஆகிய மூன்றையும் கொண்டே ஒரு தயாரிப்பு முறையை அழிவிலிருந்து மீட்டார்கள்.

உயிருள்ள பானம் என்றதும் தமிழ் வாசகருக்குக் கள் நினைவுக்கு வரும். 1987 முதல் இங்கே கள்ளுக்குத் தடை. ஆலை மதுவை அரசே விற்கிறது. அந்த முரண் தனியே விவாதிக்க வேண்டியது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியான மாநிலத்தில், குடியைப் போற்றி எழுதுவது என் நோக்கமும் அன்று. பீப்பாய் பீரின் கதையில் தோல் மாவட்டங்களுக்கு உள்ள பாடம் வேறு.

நம்முடைய ஆவாரம்பட்டை

பெர்மாண்ட்சி வணிகர்கள் விரும்பி வாங்கிய பொருள்களுள் ஒன்று 'ஈஸ்ட் இந்தியா' தோல். 1840-களில் புதுச்சேரியோடு தொடர்புடைய சார்லஸ் டி சூசா என்பவர் உள்ளூர்ப் பதனிடும் முறையைச் செம்மைப்படுத்தினார். ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடுக்காயில் முடிக்கும் முறை அது. வறண்ட நிலத்தில் தானே வளரும் ஆவாரையே அதன் மூலதனம். முஸ்லிம் வணிகக் குடும்பங்களின் முதலீட்டாலும், பெரும்பாலும் தலித் மக்களின் உழைப்பாலும் அது பெருந்தொழிலாக வளர்ந்தது. சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தோல் லண்டனில் ஏலத்தில் விற்கப்பட்டது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைவீரர்களின் காலணிகளுக்காக அரசே அதை மொத்தமாகக் கொள்முதல் செய்தது. ஆவாரம்பட்டை போதாமல் போனபோது தென்னாப்பிரிக்க வாட்டில் மரப்பட்டை வந்து சேர்ந்தது.

தாவரப் பதனிடுதலுக்கு வாரக்கணக்கில் நாள் பிடிக்கும். குரோமிய உப்பைக் கொண்டு அதையே ஓரிரு நாள்களில் முடிக்கலாம். பீப்பாய் பீருக்கும் உலோகக் கலத்து பீருக்கும் உள்ள அதே வேறுபாடு: மெதுவான முறையின் இடத்தை விரைவான முறை பிடித்தது. ஆனால், இங்கே அந்த மாற்றத்தை விரைவுபடுத்தியது சந்தை மட்டுமன்று; அரசின் கொள்கையும்தான். சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, 1973 முதல் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. முழுமையாக்கிய தோலையும் காலணியையும் ஏற்றுமதி செய்தால் வேலையும் அந்நியச் செலாவணியும் பெருகும் என்பது நோக்கம். நோக்கம் நிறைவேறியது, ஆம்பூரின் காலணித் தொழிற்சாலைகளில் இன்று திரளான பெண்கள் வேலை பார்ப்பதற்கு அந்த முடிவும் ஒரு காரணம். அதே முடிவு, குரோமியத்தையும் பல கட்ட இரசாயனச் செயல்முறைகளையும் பாலாற்றங்கரையில் குவித்தது.

அதன் விலையை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று பதிவு செய்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு ஒவ்வாததாகிவிட்டது என்ற ஆய்வும், ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்ற கணக்கும் அத்தீர்ப்பில் உள்ளன. 'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது வேலூர்க் குடிமக்கள் தொடுத்த அந்த வழக்குதான். 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். முதல் தீர்ப்புக்கு 28 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 30 அன்று, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்கவும் உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.

என்ன செய்யலாம்?

தாவரப் பதனிடுதல் மாசற்றது என்று சொல்ல மாட்டேன். பச்சைத் தோலைக் கெடாமல் வைக்கும் உப்பு இரு முறைகளுக்கும் பொது. நிலத்தடி நீரைப் பாழாக்கும் காரணிகளுள் அதுவே முதன்மையானது. பட்டைச் சாயக் கழிவுக்கும் சுத்திகரிப்பு வேண்டும். எனினும் குரோமியம் இல்லாத தோலுக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு இருக்கிறது. ஈஸ்ட் இந்தியா தோல் தமிழ்நாட்டின் பெயரில் புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. திருச்சி, திண்டுக்கல், ஈரோடு வட்டாரங்களில் அந்தத் தொழில் இன்னும் உயிரோடு உள்ளது. அந்தத் தோலின் ஏற்றுமதிக்கு இருந்த துறைமுகக் கட்டுப்பாடு முதலிய நடைமுறைத் தடைகளை 2025 மே மாதம் மத்திய அரசு விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு ஜூலையில் பிரிட்டன் ஒப்பந்தம். அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த வாய்ப்பு இது.

குறியீடு சான்றிதழாக மட்டும் இருந்தால் பயன் இல்லை. பீப்பாய் பீருக்குக் கிடைத்த மூன்றும் இந்தத் தோலுக்கும் வேண்டும். எது ஈஸ்ட் இந்தியா தோல் என்பதற்கு, வாங்குபவருக்குப் புரியும் வரையறை வேண்டும். இறக்குமதி செய்த வாட்டில் சாறு எந்த அளவு வரை ஏற்கத்தக்கது என்பதும் அதில் அடங்க வேண்டும். அந்த முறையில் வேலை செய்யும் கூடங்களின் வெளிப்படையான பட்டியல் வேண்டும். அவற்றின் கழிவுநீர் அளவீடுகளும் அதில் இடம்பெற வேண்டும். உப்பில்லாப் பதப்படுத்தல், ஆவாரைச் சாகுபடி ஆகியவற்றில் சென்னையில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவு வேலூர் மாவட்டத்தின் புன்செய் உழவரைச் சென்றடைய வேண்டும். தோல் கழிவால் நிலம் இழந்த அதே உழவருக்கு, தோலுக்கான பட்டையை விளைவித்து வருவாய் கிடைக்குமானால் அதைவிடப் பொருத்தமான ஈடு வேறில்லை.

மூன்றாவது தேவை, ஆவணம். பழைய பதனிடும் குழிகள், கிடங்குகள், வணிகர் மாளிகைகள், கணக்கேடுகள் ஆகியவை நம் தொழில் வரலாற்றின் சான்றுகள். மரபுச் சின்ன ஆணையத்துக்கான சட்டத்தைத் தமிழ்நாடு 2012-இலேயே நிறைவேற்றியது. மரபு என்றால் கோயிலும் கோட்டையும் மட்டுமே என்னும் பார்வை மாறினால், வேலூர்க் கோட்டைக்கு அருகே பேரணாம்பட்டின் ஒரு பழைய தோல் கூடமும் அந்தப் பட்டியலில் இடம்பெறலாம்.

பெர்மாண்ட்சியில் தோல் தொழிலாளியைச் சுவரில் வடித்தபோது தொழில் உயிரோடு இருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அது மறைந்த தொழிலுக்கு எழுப்பிய நினைவுச்சின்னம் அன்று; நடந்துகொண்டிருந்த உழைப்பைத் தங்கள் வாசலிலேயே ஏற்றுக்கொண்ட செயல். பாலாற்றங்கரையில் தொழில் இன்றும் உயிரோடு இருக்கிறது. வரிச்சலுகையால் எழவிருக்கும் புதிய தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் ஏதேனும் ஒன்று தன் முகப்புச் சுவரை, குழியில் இறங்கித் தோல் திருப்பியவருக்கும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கும் ஒதுக்கட்டும். ராணிப்பேட்டையில் சேற்றில் புதைந்த பத்துப் பேரின் பெயர்களிலிருந்து அதைத் தொடங்கலாம்.