ஞாயிறு அட்டவணை யாருக்கு?

பொங்கல், தீபாவளி, குடியரசு நாள் என்றால் தெற்கு ரயில்வேயிடமிருந்து ஓர் அறிவிப்பு வரும். புறநகர் மின்சார ரயில்கள் ஞாயிறு அட்டவணைப்படி ஓடுமாம். அதாவது, வண்டிகள் குறைவு. கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு தடத்தில் போய்வருகிறவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி.

இந்த அட்டவணையைப் போட்டவர்களின் மனதில் இருக்கும் பயணி, ஞாயிறு ஓய்வுள்ள அலுவலகக்காரர். தெருக் கூட்டுபவருக்கும், வீட்டு வேலைக்குப் போகும் அக்காவுக்கும், ரங்கநாதன் தெருக் கடையில் நாள் முழுக்க நின்று விற்கும் பெண்ணுக்கும் ஏது ஞாயிறு? தீபாவளிக்கு நகரமே வெடித்துப் போட்ட குப்பையை அள்ளுவது யார்? தூய்மைப் பணியில் இன்றும் பெரும்பாலும் நம் மக்கள்தான்.

விடுமுறையில் கூட்டம் இருக்காது என்பார்கள். ஞாயிறு மாலை மாம்பலம் நடைமேடையில் நின்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

2025 ஏப்ரலில் இதே தடத்தில் ஏசி வண்டி வந்தது. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். சாதாரண வண்டியில் 5. ஏசி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வெயிலில் உழைத்தவருக்குத்தான் அது முதலில் வேண்டும். ஆனால் நெரிசல் நேரத்தில் ஏசி வண்டிக்குத் தண்டவாளத்தில் ஒதுக்கும் ஒவ்வொரு இடமும், 5 ரூபாய்ப் பயணிக்குக் கிடைக்காத ஒரு வண்டி.

விடியற்காலையிலும் மாலையிலுமாவது ஞாயிறன்றும் வாரநாள் இடைவெளியிலேயே சாதாரண வண்டிகளை விட வேண்டும். எந்தக் கணக்கெடுப்பை வைத்துக் குறைத்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். மாணவத் தோழர்களே, மனு எழுதத் தெரிந்தவர்கள் இந்த வாரமே தொடங்குங்கள்.