தலையில் அடிபட்டால் ஒரு நிமிட ஒளிச் சோதனை போதுமா?

பிரிக்பீல்ட்ஸில் வேலை முடிந்து, கூட்டரசு நெடுஞ்சாலை வழியாக மோட்டார் சைக்கிளில் கிள்ளானுக்குத் திரும்பும் ஒருவர் வழுக்கி விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஹெல்மெட்டில் கீறல், கையில் சிராய்ப்பு. "ஒன்னும் இல்ல லா, லேசா தலைவலி" என்று எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிறார்.

ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

நல்லா பேசுறவருக்கு என்ன ஆபத்து?

மண்டை ஓட்டுக்குள் ரத்தக்குழாய் கிழிந்தால், ரத்தம் மெதுவாகச் சேரலாம். அது மூளையை அழுத்தும் வரை ஆள் சாதாரணமாகவே இருப்பார். 2009 மார்ச்சில் கனடாவில் பனிச்சறுக்கில் விழுந்த பிரிட்டிஷ் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன், முதலில் மருத்துவ உதவி வேண்டாம் என்றார். சிறிது நேரத்தில் தலைவலி வந்தது. இரண்டு நாளில் இறந்துபோனார்.

மலேசியாவில் 2022இல் மட்டும் சாலை விபத்துகளில் 6,080 பேர் உயிரிழந்தனர். பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள்.

ஒளி எப்படி ரத்தத்தைக் கண்டுபிடிக்கும்?

கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளி, தோலையும் எலும்பையும் தாண்டி சில சென்டிமீட்டர் உள்ளே போகும். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் அந்த ஒளியை உறிஞ்சும். ரத்தம் ஓரிடத்தில் தேங்கினால் அங்கே உறிஞ்சப்படும் ஒளியும் அதிகம். கையடக்கக் கருவி தலையின் இடது, வலது பக்கங்களில் ஒரே இடத்தை ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் எச்சரிக்கும். கதிர்வீச்சு பயம் இல்லை.

அமெரிக்காவின் 'இன்ஃப்ராஸ்கேனர்' கருவிக்கு 2011இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. இந்தியாவில் அகமதாபாத்தின் பயோஸ்கேன் ரிசர்ச் நிறுவனம் 'செரிபோ' என்ற கருவியை உருவாக்கியுள்ளது.

அப்படியானால் சி.டி. ஸ்கேன் வேண்டாமா?

வேண்டும். இன்ஃப்ராஸ்கேனர், மேற்பரப்பிலிருந்து 2.5 செ.மீ.க்குள், 3.5 மில்லிலிட்டருக்கு மேல் தேங்கிய ரத்தத்தைத்தான் தேடும். ஆழத்தில் உள்ள கசிவு தப்பிவிடலாம். இரு பக்கமும் ஒரே அளவில் கசிந்தால், ஒப்பிட வித்தியாசமே இருக்காது. 2010இல் வெளியான ஆய்வில், அந்த வரம்புக்குள் இருந்த கசிவுகளிலேயே 88 விழுக்காட்டைத்தான் கருவி கண்டுபிடித்தது. அதாவது, 100இல் சுமார் 12 தவறிவிடும்.

ஆகவே 'கசிவு இருக்கு' என்று கருவி சொன்னால் உடனே ஓடலாம். 'இல்லை' என்று சொன்னால் நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது.

யாருக்குப் பயன்?

சி.டி. வசதிக்கு மணிக்கணக்கில் பயணம் செய்ய வேண்டிய சபா, சரவாக் உட்புறங்களில், யாரை முதலில் அனுப்புவது என்று முடிவெடுக்க இது கைகொடுக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் பெரிய மருத்துவமனைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. இங்கே பல நேரங்களில் தடை தூரம் இல்லை, 'ஒன்னும் இல்ல' என்ற அலட்சியம்தான். அதை எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாது.

எதைக் கவனிக்கணும்?

கூடிக்கொண்டே போகும் தலைவலி, மீண்டும் மீண்டும் வாந்தி, குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் எழாத தூக்கம், வலிப்பு, ஒரு பக்கம் கை கால் பலவீனம். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 999ஐ அழையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர் என்றால், அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். நேராக மருத்துவமனைக்குப் போங்கள். அடிபட்ட அன்று இரவு யாரையும் தனியாக விடாதீர்கள்.