கண்புள்ளி கண்ணா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

தாவரவியல் மாணவர் எவருடைய ரெக்கார்டு நோட்டைப் புரட்டினாலும் கிளாமிடோமோனாஸ் உண்டு. பேரிக்காய் போன்ற உடல், முன்னே இரண்டு கசையிழைகள், கிண்ண வடிவப் பசுங்கணிகம், அதன் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு பொட்டு. பொட்டுக்கு நேரே 'கண்புள்ளி' என்றெழுதிக் கையொப்பம் வாங்கிவிட்டால் அந்தப் பாசியின் கதை முடிந்தது. அங்கே முடியலாகாது என்பது என் கட்சி.

முதலாவது, அந்தப் பொட்டு ஒளியை உணர்வதே இல்லை! உணரும் புரதம் அதற்கு நேர் மேலே, செல்லின் சவ்வில் இருக்கிறது. சிவப்புத் துகள்கள் வெளியிலிருந்து வரும் ஒளியைக் கண்ணாடிபோல் அப்புரதத்தின் மீதே திருப்புகின்றன. பின்புறமிருந்து வரும் ஒளியை மறைக்கின்றன. நீந்தும்போது இப்பாசி விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு முறை தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. முட்டம் கலங்கரை விளக்கத்தில் விளக்கு சுழல்கிறது, மாலுமி பார்க்கிறான். இங்கோ பார்ப்பவனே சுழல்கிறான். பக்கவாட்டில் ஒளியிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அது மின்னி மறையும். மின்னும்போது புரதத்தின் வாயில் திறந்து கால்சியம் முதலான அயனிகள் உள்ளே பாய்கின்றன, இரு கசையிழைகளும் வெவ்வேறு அளவில் வீசுகின்றன, உடல் திரும்புகிறது. ஒளிக்கு நேராகத் திரும்பியதும் மின்னல் நின்றுவிடும், பாசி நேரே செல்லும். மிதமான ஒளியை நாடும். கடும் வெயிலென்றால் விலகும். மூளை இல்லை, நரம்பு இல்லை. ஒரு மில்லிமீட்டரில் நூறு பேர் வரிசையாக நிற்கலாம், அவ்வளவே உருவம்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். சுசீந்திரத்தில் வயல் வேலை செய்யும் அப்பா என் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "குளத்துப் பாசிக்கா மக்களே இவ்வளவு படிப்பு?" என்றார். நியாயமான கேள்வி. பயன் சொல்ல வேண்டுமென்றால் சொல்லலாம். 2002-இல் ஜெர்மனியில் நாகெல், ஹெகமன் முதலியோர் இப்பாசியின் ஒளிப்புரதத்தை இனங்கண்டனர். 2021-இல் வெளியான ஆய்வொன்றின்படி, பார்வையிழந்த 58 வயது மனிதர் ஒருவரின் கண்ணில், இதே இனத்தைச் சேர்ந்த பாசியொன்றிலிருந்து உருவான புரதத்தின் மரபணுவைச் செலுத்தினர். தனிக் கண்ணாடி அணிந்து, மேசைமேல் இருந்த பொருள்களை அவர் எண்ணித் தொட்டார். அப்பா சற்று நேரம் பேசவில்லை.

ஆனால் அந்த மனிதரை எண்ணி எவரும் பாசி பார்க்கத் தொடங்கவில்லை. சென்னையில் எம்.ஓ.பி. ஐயங்கார் (1886–1963) இவ்வினத்தாரைத் தேடிக் குட்டை குட்டையாக அலைந்தார். தென்னிந்தியாவின் கூட்டுப் பாசிகளைப் பற்றி 1933-இல் எழுதினார். அவரும் மாணவர் தேசிகாசாரியும் எழுதிய 'வால்வகேல்ஸ்' நூல், அவர் மறைந்து பதினெட்டு ஆண்டுகள் கழித்து 1981-இல் வெளிவந்தது. அவர் பார்த்தது உயிருள்ள பாசி. நாம் பார்ப்பது சாயமேற்றிய சிலைடு. இறந்த செல் எந்த ஒளிக்கும் திரும்பாது.

சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைகள் 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. பறவை எண்ண வருவோரைக் கண்டிருக்கிறேன். ஒரு சொட்டு நீரெடுத்துப் பார்த்தவரைக் கண்டதில்லை. பேராசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் சிறிது. அடுத்த பருவத்தில் ஒரு செய்முறை வகுப்பைச் சிலைடு இல்லாமல் நடத்துங்கள். பச்சை பிடித்த குளத்து நீர் ஒரு பாட்டில், சுற்றிலும் கறுப்புத் தாள், தாளில் காலணா அளவு துளை. நேர் வெயில் படாத சன்னலோரம் வைத்தால், நீந்தும் பாசி அதில் இருக்குமாயின், சிறிது நேரத்தில் துளையருகே பச்சை திரளும். தண்ணீரும் தாளும் நான் கொண்டுவருகிறேன்.