உழைச்செல்வான் யார்?

நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, பக்கத்திருந்து பணிபுரிபவன் என மருத்துவம் நான்கு உறுப்புக்களை உடையது என்பது வள்ளுவர் கருத்து. ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே நான்காமவனுக்கு அவர் இட்ட பெயர் ‘உழைச்செல்வான்’ என்பது. வகுப்பறையில் இச்சொல்லுக்குப் பொருள் கூறுதல் எளிது. வைத்தியசாலையில் அவன் யாவன் என்று காட்டுதலே அரிது.

சில ஆண்டுகளுக்கு முன்னர், உறவினர் ஒருவரைக் காண்பதற்கு வைத்தியசாலை ஒன்றுக்குச் சென்றிருந்தோம். அடுத்த கட்டிலில் இடுப்பெலும்பு முறிந்த தோட்டத்து மூதாட்டி ஒருவர் கிடந்தார். நண்பகற் சோறு அவர் கைக்கெட்டாத தூரத்தில் மூடியபடி இருந்தது. தாதி வந்து குளிசை கொடுத்துச் சென்றார். தாதிய மாணவி ஒருத்தி உடல்வெப்பம் பார்த்து அட்டையிற் குறித்தாள். சிற்றூழியர் கட்டிலின்கீழ்க் கூட்டிச் சென்றார். டாக்டர் அட்டையை நோக்கித் தலையசைத்தார். ஒவ்வொருவரும் தத்தம் கடமையைச் செவ்வனே செய்தனர், சோறு ஆறிப்போயிற்று. அவர்களைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை. ஒரு மணி நேரம் அருகே நின்ற நாமும் அத்தட்டைத் தொட்டோமல்லோம்.

பசறை, லுணுகலை, ஹாலிஎல, தெமோதரைப் பகுதித் தோட்டங்களிலிருந்து பதுளைப் பெரிய வைத்தியசாலைக்கு வருவோர் நிலையை ஊவா வாழ் நாம் நன்கறிவோம். நோயாளிக்குத் துணையாக ஒருவர் நின்றால், அவருக்கு அன்றைய ‘பேர்’ இல்லை. பேர் இல்லையேல் கூலி இல்லை. ஆதலின் மகள் மலையிற் கொழுந்தெடுக்கத் தாய் விடுதியில் தனித்துக் கிடக்கின்றாள். மொழி தெரியாதாரிடத்தில் தண்ணீர் கேட்கவும் அவள் நாணுகின்றாள். தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென 1872ஆம் ஆண்டிலும் 1912ஆம் ஆண்டிலும் கட்டளைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. சட்டம் மருந்தை வழங்கலாம், வைத்தியனை நியமிக்கலாம். முகங்கழுவிச் சோறூட்டும் கையைச் சட்டம் நியமித்தல் இயலுமோ?

ஆட்குறை உண்டு, வேலைப்பளு மிகுதி என்பர். அஃது உண்மையே, ஆளைக் கூட்டுதல் அரசின் கடன். ஆயினும் உடல் துடைத்தல், உணவூட்டல், மலசலங் கழிக்க உதவுதல், படுக்கைப்புண் வாராமற் புரட்டிப் படுக்கவைத்தல் ஆகியவற்றைக் ‘கீழ்ப்பணி’ எனக் கருதி ஒருவர் மற்றொருவர் தலையிற் சுமத்துதல் ஆட்குறையால் விளைந்ததன்று; மனக்குறையால் விளைந்தது. ஏராளமான உணவின் நடுவிலே கவனிப்பாரின்றி நோயாளர் பசித்திருத்தலைப் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 1859ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். பரிமேலழகரோ, உழைச்செல்வானுக்குரிய பண்புகளுள் நோயாளன்மாட்டு அன்புடைமையையும் எண்ணினார்.

ஆகவே, நாம் வேண்டுவன சில. பதுளையிலே பயிலும் தாதிய மாணவர், அட்டை எழுதக் கற்குமுன் ஒரு முதியவருக்குச் சோறூட்டக் கற்பாராக. மூத்த தாதியர் அதனைத் தாமே செய்து காட்டுவாராக. கடமை மாறும் வேளையில், மருந்து கொடுத்தாயிற்றா என்பதோடு, உண்டாரா, உடல் துடைக்கப்பட்டதா என்றும் வினவப்படுக. டாக்டராகவும் தாதியராகவும் எழுதுவினைஞராகவும் விளங்கும் நம் பழைய மாணவர், தமிழ் மட்டுமே அறிந்த நோயாளியிடம் நாளுக்கு ஒருமுறையேனும் “என்ன வேண்டும், அம்மா?” என்று கேட்பாராக. அதுவும் மருந்தே.

இளம் மாணவரே, நீவிரும் இதற்குப் புறம்பானவர் அல்லீர். இன்று நோயாளரைக் காணச் செல்வோர். நாளை அவ்விடுதிகளிலே பணிபுரிவோர். மூடிய சோற்றுத்தட்டு ஒன்றைக் காணின், அஃது யார் கடமை என்று ஆராயாது, தாதியிடம் ஒரு சொற் கேட்டு, அதனைத் திறந்து அருகே வையுங்கள். அந்த மூதாட்டிக்கு நாம் செய்யத் தவறியது அவ்வளவே.