ஊசி முனையில் இளமை

முகச் சுருக்கத்தை ஊசியால் குத்தியே விரட்டிவிடலாம் என்று ஒரு வைத்தியம் கிளம்பியிருக்கிறது. 'காஸ்மெடிக் அக்குபங்சர்' என்று அதற்குப் பெயர். லண்டனிலும் நியூயார்க்கிலும் சீமாட்டிகள் மல்லாந்து படுத்துக்கொண்டு, நெற்றியிலும் கன்னத்திலும் கண்ணோரத்திலும் முடியைப்போல் மெல்லிய எஃகு ஊசிகளைக் குத்திக் கொள்கிறார்கள். ஒரு தடவையோடு தீர்ந்துவிடுவதில்லை. பத்து, பன்னிரண்டு தடவை என்று ஒரு கணக்கு. வந்த இளமை ஓடிப்போகாமல் இருக்க, அப்புறமும் அவ்வப்போது போய்ப் படுக்க வேண்டும். கத்தியில்லை, மருந்தில்லை, விஷமில்லை. எல்லாம் இயற்கை முறை என்கிறார்கள்.

ஊசியின் மேல் எனக்குக் கோபமில்லை. இந்த 'இயற்கை' என்ற சொல்லின் மேல்தான் கோபம்.

சீன வைத்தியத்தை இகழ்வதாக யாரும் நினைக்க வேண்டாம். இரண்டாயிரம் ஆண்டுப் பரம்பரை அது. 1971-இல் ஜேம்ஸ் ரெஸ்டன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் பீக்கிங்குக்குப் போன இடத்தில் குடல்வால் நோய் கண்டு அறுவைச் சிகிச்சைக்கு ஆளானார். மரத்துப்போக மருந்து கொடுத்து, வழக்கமான மேல்நாட்டு முறையில்தான் அறுத்தார்கள். பிறகு வயிற்றில் ஏற்பட்ட உபாதைக்குத்தான் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசி குத்தினார்கள். உபாதை தணிந்தது. மனிதர் அதை உள்ளது உள்ளபடி நியூயார்க் டைம்ஸில் எழுதினார். ஆனால் கதை வாய்மாறி வாய்மாறி, மயக்க மருந்தே இல்லாமல் ஊசியைக் கொண்டே வயிற்றைக் கிழித்ததாக ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது! நாட்பட்ட சில வலிகளுக்கு ஊசியால் ஓரளவு சுகம் தெரிவதாக ஆராய்ச்சிகள் உண்டு. அதில் ஊசியின் பங்கு எவ்வளவு, நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்ற தர்க்கம் மட்டும் இன்னும் ஓயவில்லை. போகட்டும். முதுகுவலிக்காரன் வலி தாங்காமல் போகிறான். நாற்பத்தைந்து வயதுப் பெண்மணிக்கு என்ன வியாதி? நாற்பத்தைந்து வயதாகிவிட்டது என்பதே வியாதியா?

குத்திய இடத்தில் தோல் தன்னைச் சரிசெய்துகொள்ள முனைகிறது, அப்போது 'கொலாஜன்' என்ற நார்ப்பொருள் புதிதாக ஊறுகிறது, அதனால் தோல் இறுகுகிறது என்று விளக்கம் சொல்கிறார்கள். சாட்சி எங்கே? 2013-இல் கொரியாவில் ஒரு பரிசோதனை நடந்தது. கலந்துகொண்ட பெண்கள் முப்பது பேர்கூட இல்லை. ஊசி போடாமல் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டமும் இல்லை. முகத்தில் கொஞ்சம் தெளிவு கண்டதாக எழுதினார்கள். குத்திய இடத்தில் இரத்தம் ஓடிச் சிவந்து, இலேசாக உப்பியிருக்கும் கன்னத்தில் தெளிவு தெரியாமல் என்ன செய்யும்? கிள்ளிவிட்டால்கூடத்தான் கன்னம் சிவக்கிறது.

அதே 2013-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வேறொரு செய்தி வந்தது. குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் நாம்பூர் என்ற ஊரில், ஐம்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட தொள்ளாயிரம் பேரை நாலரை ஆண்டுகள் கவனித்தார்கள். வெயில் தடுப்புக் களிம்பைத் தினமும் பூசியவர்களுக்கு, தோன்றியபோது பூசியவர்களைவிடத் தோல் முதிர்ச்சி 24 சதவீதம் குறைவாக இருந்தது. அதற்கு முந்தின ஆண்டு, நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் ஒரு லாரி ஓட்டுநரின் புகைப்படத்தை வெளியிட்டது. இருபத்தெட்டு வருஷம் வண்டி ஓட்டியவர். ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் கிழவருடையது. வலது கன்னம் அவருடைய தம்பியுடையது போல! முகத்தைக் கிழடாக்குவதில் பெரும்பங்கு வெயிலுக்கும் புகையிலைக்கும்தான். அந்த வெயில் இயற்கையா, செயற்கையா? சுருக்கத்துக்காக ஊசியில் ஏற்றுகிறார்களே 'போடாக்ஸ்', 2002-இல் அமெரிக்க அரசாங்கம் புருவ நடுவே விழும் கோடுகளுக்காக அனுமதித்தது, அது கெட்டுப்போன உணவில் வளரும் கிருமி தானாகவே சுரக்கும் விஷம். அதைவிட இயற்கையான வஸ்து உண்டா? இவர்கள் குத்தும் எஃகு ஊசியோ ஆலையில் செய்தது.

"இருக்கட்டுமே ஐயா, அவரவர் காசு, அவரவர் முகம். உமக்கென்ன நஷ்டம்?" என்று கேட்பீர்கள். அலங்காரத்துக்கு நான் விரோதியல்ல. பவுடர் பூசுகிறவள் பவுடர் பூசுகிறேன் என்று அறிந்தே பூசுகிறாள். இங்கே நடப்பது வேறு. கத்திக்குப் பயந்தவளும் விஷத்துக்குக் கூசியவளும் இதுவரை நிம்மதியாக முதுமை அடைந்து கொண்டிருந்தார்கள். 'நமக்கு இதெல்லாம் வேண்டாம்' என்று ஒதுங்கி நிற்க அவர்களுக்கு ஒரு நிழல் இருந்தது. அந்த நிழலுக்குள்ளும் நுழைந்து, "பயப்படாதே, இது இயற்கை" என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். இனி முதுமையோடு இருப்பதற்கு அவளுக்குச் சாக்கே கிடையாது. தலை நரைத்த ஆண்பிள்ளைக்கு அனுபவஸ்தன் என்று பெயர். அதே அலுவலகத்தில் அவனோடு சேர்ந்த பெண்ணோ கண்ணோரத்துக் கோட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊசிக்காரர் அந்த அநியாயத்தைக் குத்துவதில்லை, அவள் கன்னத்தைத்தான் குத்துகிறார்.

அவ்வை முதுமையை வேண்டிப் பெற்றாள் என்று நம் வீட்டுப் பாட்டிமார்கள் கதை சொல்வார்கள். எல்லோரும் அவ்வையாக வேண்டுமென்று நான் கேட்கவில்லை. வேண்டிய மட்டும் குத்திக் கொள்ளட்டும். ஆனால் கடைப் பலகையிலிருந்து 'இயற்கை' என்ற சொல்லை அழித்துவிட்டு, அந்த இடத்தில் இதை எழுதட்டும்: எத்தனை ஊசி, எத்தனை தடவை, மொத்தம் எவ்வளவு ரூபாய், கண்ணைச் சுற்றி இரத்தம் கட்டினால் எத்தனை நாள் வெளியே தலைகாட்ட முடியாது, பலன் நிலைக்கும் என்பதற்கு என்ன சாட்சி. கடைசி வரிக்கு மட்டும் நிறைய இடம் தேவைப்படாது.